பாட்டியின் பைண்டுப் புத்தகங்கள்

பத்திரிகை வருகிற நாளன்று யார் முதலில் படிப்பது என்ற சண்டை, ஒரு காலத்தில் நம் குடும்பங்களில் வாரந் தவறாத கடமையாக இருந்தது. ஜெயித்தவர் கூடத்துத் தூணில் சாய்ந்துகொள்வார். தோற்றவர்கள், அவர் முகத்தைப் பார்த்தே கதை எந்தப் பக்கம் போகிறதென்று ஊகிக்க வேண்டியதுதான்!

எல்லோரும் படித்தான பிறகு இன்னொரு வேலை பாக்கியிருக்கும். தொடர்கதைப் பக்கங்களை மட்டும் பதமாகப் பிரித்தெடுத்து அடுக்கி வைத்து, கதை முடிந்ததும் பைண்டரிடம் கொடுக்கவேண்டும். அப்படித் தைத்த புத்தகங்களைப் பரண்மேல் வைத்துக் காப்பாற்றி வரும் வீடுகள் இன்னும் சில உண்டு. திருச்சி தென்னூரில் அப்படி ஒரு வீட்டுக்குப் போயிருந்தோம். சொந்தக்காரியான பாட்டிக்கு வயது 86.

"திருச்சி ரேடியோவும் நானும் ஒரே வருஷத்துக் குழந்தைகள்" என்று சிரிக்கிறார். வானொலி நிலையம் அங்கே ஆரம்பமானது 1939-ல்.

1950 அக்டோபரில் 'கல்கி'யில் 'பொன்னியின் செல்வன்' தொடங்கியபோது பாட்டிக்குப் பதினோரு வயது. 1954-ல் முடிந்தபோது தாவணி போட்ட பெண். பள்ளிக்கூட வாத்தியாரான தகப்பனார், வானதி பிறந்த ஊரைப் பார்க்கவேண்டும் என்று மகள் பிடித்த பிடிவாதத்துக்காக அவளைக் கொடும்பாளூருக்குப் பஸ்ஸில் அழைத்துப் போனாராம். அங்கே மூவர் கோயிலில் இரண்டுதான் நிற்கின்றன. மூன்றாவதற்கு அடித்தளம் மட்டுமே மிச்சம். "அரண்மனை எங்கே அப்பா என்று கேட்டு அழுதேன். பாவம், அவர் முறுக்கு வாங்கிக் கொடுத்தார்!"

ஐந்து பாகங்களையும் அப்பாவே வீட்டில் பைண்டு செய்தார். பூச்சி அரிக்காமலிருக்க மைதாப் பசையில் மயில்துத்தம் கலந்து, முதுகுக்குக் காலிகோத் துணி ஒட்டி, நூலால் தைத்தது. இந்தப் புத்தகங்களில் ஒரு வேடிக்கை உண்டு, கவனித்திருக்கிறீர்களா? கதை முடிகிற பக்கத்தின் பின்னால் வேறு என்னவாவது இருக்கும். பாதி சிரிப்புத் துணுக்கு, கூந்தல் தைல விளம்பரம், தாளிப்பதற்கு முன்பே அறுந்துபோன ஒரு சமையல் குறிப்பு! வந்தியத்தேவன் குதிரைமேல் போய்க்கொண்டேயிருப்பான். இந்தப் பக்கம் குழம்பு கொதித்தபடியே நிற்கும். புதுப் பதிப்பு வாங்குகிறவர்களுக்கு இந்தச் சுகம் கிடைக்காது.

1958-ல் கலியாணமாகிப் புக்ககம் வந்தபோது, டிரங்குப் பெட்டியில் புடவைகளுக்கு அடியில் ஐந்து பாகங்களும் வந்தன. மாமியாருக்கு எழுத்து வாசனை கிடையாது. "இதென்ன பெட்டி இந்தக் கனம் கனக்கிறது?" என்று கேட்டவர், பத்து நாளில் மத்தியான வேளைகளில் அரிசி பொறுக்கிக்கொண்டே கதை கேட்கத் தொடங்கிவிட்டார். "நந்தினிக்கு ஒரு நல்ல மாமியார் வாய்த்திருந்தால் இத்தனை வம்பு வந்திருக்காது" என்பது அந்த அம்மாளின் தீர்ப்பு. விமரிசகர்கள் யாரும் இந்தக் கோணத்தில் யோசித்ததாகத் தெரியவில்லை!

மூன்றாம் பாகம் மட்டும் இப்போது இல்லை. பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிப் போனார்கள். மாற்றலாகி ஊரையும் விட்டுப் போனார்கள். பாட்டி இன்னும் மன்னிக்கவில்லை.

கிளாகோமா பாட்டியின் ஒரு கண்ணைக் கொண்டுபோய்விட்டது. போன பார்வை திரும்பாது. இருப்பதைக் காக்கத்தான் மருந்து. மற்றக் கண்ணுக்கு எழுத்துக்கள் கலங்கலாகத் தெரிகின்றன. வயர் கூடை பின்னுவதை மட்டும் விடவில்லை, "அதைக் கை பார்த்துக்கொள்ளும்" என்கிறார். புத்தகங்களுக்கும் உடம்பு சரியில்லை. மரத்தை அரைத்துச் செய்த மலிவுக் காகிதமல்லவா? வெளிச்சமும் காற்றும் பட்டுப்பட்டு மஞ்சளாகி, மடித்தால் அப்பளம் மாதிரி நொறுங்குகிறது.

சென்னையில் ரோஜா முத்தையா நூலகத்துக்குக் கொடுத்துவிடலாம் என்கிறார் மகன். கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதிவந்த ஒருவர் வாழ்நாளெல்லாம் திரட்டிய அச்சுப் பொக்கிஷத்திலிருந்து 1994-ல் உருவான இடம் அது. பழைய காகிதத்தைப் பேணத் தெரிந்தவர்கள். "கொடுக்கலாம். ராத்திரி எனக்கு யார் படிப்பார்கள்?" என்கிறார் பாட்டி.

படிப்பது யார் என்றால், பேத்தி! பெங்களூரில் வளர்ந்து, திருச்சியில் இஞ்சினீயரிங் படிக்க வந்தவள். தமிழ் பேசுவாளே தவிர, அ-ஆ தெரியாது. 2022-ல் சினிமா பார்த்துவிட்டு வந்து, "அப்புறம் என்ன ஆகும் பாட்டி?" என்று துளைத்தெடுத்தாள். பாட்டி வாயைத் திறக்கவில்லை. "எழுத்தைக் கற்றுக்கொள், தெரியும்" என்று ஒரே பிடிவாதம். அப்படி அரிச்சுவடியில் ஆரம்பித்தாள் அந்தப் பெண். முதல் அத்தியாயம் முடிய ஒன்பது ராத்திரிகள் ஆயிற்றாம்! இப்போது மடமடவென்று போகிறாள். பக்கம் உடையாமலிருக்க அடியில் ஓர் அட்டையைக் கொடுத்துப் புரட்டுகிறாள். மூன்றாம் பாகத்துக்கு மட்டும் மகன் வாங்கி வந்த புதுப் புத்தகம். மணியம் வரைந்த குந்தவை அதில் இல்லையென்று பாட்டிக்குக் குறைதான். ஆகவே படம் வரவேண்டிய இடங்களில் நிறுத்தச் சொல்லி, அது எப்படி இருக்கும் என்று வாயாலேயே வர்ணித்தாராம்.

நம்மைக் கேட்டால், கதை முடிந்த மறுநாளே புத்தகங்களைச் சென்னைக்கு அனுப்புவதுதான் நல்லது. ஆனால் மொத்தம் 293 அத்தியாயங்கள்; ஐந்தாம் பாகத்தில் மட்டும் 91. பேத்திக்குக் கல்லூரி முடிய இரண்டே மாதந்தான். பிறகு வேலை எந்த ஊரிலோ! தினம் ஒன்றாக இருந்தது இப்போது இரண்டாகியிருக்கிறது.

"இரண்டா? முந்தாநாள் ராத்திரி நான் தூங்கின பிறகு விளக்கைப் போட்டுக்கொண்டு நாலு அத்தியாயம் முன்னாலே ஓடிவிட்டாள் அம்மா, திருட்டுத்தனமாக!" என்று பாட்டி நம்மிடம் புகார் செய்தார்.