ஒரு பெயரை விடாதீர்கள்!

கல்யாணப் பத்திரிகை அச்சாகி வந்ததும் நம் வீடுகளில் முதலில் எதைப் பார்க்கிறோம்? முகூர்த்த நேரத்தையா? மண்டபத்தின் விலாசத்தையா? இரண்டும் இல்லை. ‘யார் பெயர் விட்டுப்போயிருக்கிறது?’ என்றுதான் பார்க்கிறோம். ஒன்றுவிட்ட சித்தப்பாவின் பெயர் விட்டுப்போயிருந்தால் போதும். மூன்று வருஷத்துக்கு அந்த வீட்டோடு பேச்சுவார்த்தை கிடையாது!

ஆனாலும் அந்தக் கோபம் ஒரு சீமந்தத்திலோ, காதுகுத்துக் கல்யாணத்திலோ தீர்ந்துவிடும். லேசில் தீராத கோபம் கொண்ட காகிதம் ஒன்று இருக்கிறது. வெளிதேசத்தில் குடியேறப் போகிறவர்கள் அந்தத் தேசத்துச் சர்க்காருக்கு எழுதிக் கொடுக்கும் விண்ணப்பம்தான் அது. அதிலே ஒரு பெயரை விட்டுவிட்டால், அது தாலி கட்டிய மனைவியின் பெயரானாலும் சரி, பெற்ற பிள்ளையின் பெயரானாலும் சரி, பிறகு அவர்களை அழைத்துக்கொள்வது குதிரைக் கொம்பாகிவிடுகிறது.

‘நமக்கெதற்கு இந்த வெளிநாட்டுச் சமாசாரம்?’ என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். உங்கள் வீட்டிலோ, பக்கத்து வீட்டிலோ கனடா மாப்பிள்ளை ஒருவர் இல்லாமலா இருப்பார்? ‘கல்யாணம் ஆன கையோடு பெண்ணை அழைத்துக்கொண்டு போய்விடுவார்’ என்று பந்தியிலே பெருமையாகப் பேசிக்கொள்கிறோம். மாம்பலத்திலிருந்து மாயவரத்துக்கு அழைத்துக்கொண்டு போகிற மாதிரியா அது? ‘இவள் என் மனைவி. இவளை நான் காப்பாற்றுவேன்’ என்று அவர் அங்கே சர்க்காருக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். அதற்குத்தான் ‘ஸ்பான்ஸர்’ செய்வது என்று பெயர்.

ஒரு தாயின் வழக்கு

பிலிப்பைன்ஸ் தேசத்துத் தாய் ஒருவர் 1993-ல் கனடாவில் குடியேறினார். ‘எனக்குக் கல்யாணம் ஆகவில்லை, என்னோடு வரும் மகளைத் தவிர வேறு பிள்ளைகள் இல்லை’ என்று அதிகாரிகளிடம் சொல்லியிருந்தார். உண்மையில், ஊரிலே தகப்பனிடம் அவருக்கு இரண்டு ஆண் பிள்ளைகள் இருந்தார்கள். வருஷங்கள் ஓடின. அவர் கனடாப் பிரஜையும் ஆனார். பிறகு அந்தப் பிள்ளைகளை அழைத்துக்கொள்ள மனுப் போட்டார்.

‘முடியாது’ என்று பதில் வந்தது. தாய் விடவில்லை; கோர்ட்டுக்குப் போனார். வழக்கு மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை சென்றது. 2005 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. சர்க்காரின் விதி செல்லும் என்றே நீதிபதிகள் சொல்லிவிட்டார்கள். பெற்றவள் அக்கரையில், பிள்ளைகள் இக்கரையில்!

அப்படி என்ன விதி அது? கனடாவின் குடியேற்ற விதிகளில் 117-வது விதி. விஷயம் இவ்வளவுதான்: நீங்கள் நிரந்தரவாசம் கேட்டு மனுச் செய்யும்போது உங்கள் மனைவி அல்லது கணவர், உங்கள் பிள்ளைகள் எல்லோரையும் பற்றிச் சொல்லியாக வேண்டும். கூட வராதவர்களையும் சொல்ல வேண்டும். சொன்னால் மட்டும் போதாது. அவர்கள் டாக்டர் பரிசோதனை முதலியவற்றுக்கும் உட்பட வேண்டும். அப்படிப் பரிசோதிக்கப்படாமல் விட்டுப்போனவரைப் பின்னால் குடும்பத்தார் என்ற முறையில் ஸ்பான்ஸர் செய்ய இடமில்லை.

ஏன் மறைக்கிறார்கள்?

பெற்ற பிள்ளையை யாராவது மறைப்பார்களா என்று கேட்பீர்கள். கெட்ட எண்ணத்தால் மறைப்பவர்களைவிட, பயத்தால் மறைப்பவர்களே அதிகம் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஒரு குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். தாய் தகப்பனோடு ‘கல்யாணமாகாத பெண்’ என்ற கணக்கில் மகளின் பெயரும் மனுவில் இருக்கிறது. மனு நகருவதற்குள் நல்ல வரன் ஒன்று வந்துவிடுகிறது. ‘இப்போதைக்குக் கோயிலில் தாலி கட்டிவிடுவோம், மற்றதை அங்கே போய்ச் சொல்லிக்கொள்ளலாம்’ என்கிறார்கள் பெரியவர்கள். சொன்னால் பெண்ணின் பயணம் நின்றுவிடும். சொல்லாவிட்டால் மாப்பிள்ளை இங்கேயே நின்றுவிடுவார்! பெண் நிரந்தரவாசியாகப் போய் இறங்குகிற நாள்வரை பொறுத்திருந்து கல்யாணம் செய்திருந்தால், பிறகு அவளே புருஷனை முறைப்படி ஸ்பான்ஸர் செய்யலாம். நல்ல முகூர்த்தம் அடுத்த வருஷமும் வரும், அம்மா!

இன்னொரு வீட்டிலே, முதல் தாரத்துக் குழந்தை அதன் தாயிடம் வளர்கிறது. ‘அது எங்கே நம்மோடு வரப் போகிறது?’ என்று தகப்பன் பெயரை விட்டுவிடுகிறார். பத்து வருஷம் கழித்து அந்தக் குழந்தையே ‘அப்பா, உங்களிடம் வருகிறேன்’ என்று போனில் அழுதால் என்ன செய்வார்?

வேறொரு வீட்டிலே குழந்தைக்குத் தீராத வியாதி. உத்தியோகத் தகுதியைக் காட்டிக் குடியேறுகிறவர்களின் குடும்பத்தில், வைத்தியச் செலவு அளவுக்கு மீறி ஆகும் என்று கருதினால் மனுவையே தள்ள அங்கே சட்டம் இடம் தருகிறது. அந்தப் பயத்தில் குழந்தையை மறைக்கிறார்கள். ஆனால், அங்கே குடியேறிய ஒருவர் பின்னால் தம் மனைவியையோ பிள்ளையையோ ஸ்பான்ஸர் செய்யும்போது, செலவு அதிகம் என்ற அந்தக் காரணத்தைக் காட்டித் தள்ள முடியாது. நோயாளிக் குழந்தைக்கென்று சட்டம் திறந்து வைத்திருக்கும் கதவு அது. பெயரை மறைத்தவர்கள் தங்கள் கையாலேயே அந்தக் கதவை அடைத்துவிடுகிறார்கள்.

இன்னும் சிலரைக் கெடுப்பது தரகரின் யோசனை. ‘ஒண்டிக்கட்டை என்று எழுதுங்கள், ஸார், சீக்கிரம் முடியும்!’ என்பார் அவர். தம் பணத்தை வாங்கிக்கொண்டு அவர் போய்விடுவார். பொய் சொன்னதற்குத் தண்டனையாக, மனுச் செய்ய முடியாமல் ஐந்து வருஷத் தடையை அனுபவிக்கப் போவது அவரல்ல, நாம்.

பெண் வீட்டார் கேட்க வேண்டிய கேள்வி

சம்பளம் என்ன, சொந்த வீடா வாடகை வீடா என்றெல்லாம் மாப்பிள்ளை வீட்டாரைக் கேட்கிறோம். இதையும் கேட்டு வையுங்கள்: ‘மாப்பிள்ளை நிரந்தரவாசி ஆகிவிட்டாரா, அல்லது மனு இன்னும் நிலுவையில் இருக்கிறதா?’

அவர் ஏற்கெனவே நிரந்தரவாசி அல்லது பிரஜை என்றால் கவலை இல்லை. கல்யாணத்துக்குப் பிறகு ஸ்பான்ஸர் செய்யலாம். மனு நிலுவையில் இருக்கும்போது கல்யாணம் நடந்தால், நிரந்தரவாசம் கைக்கு வருமுன் மனைவியின் பெயரைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டும். ‘பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்று மாப்பிள்ளை சொன்னால், ‘இப்போதே எழுதுங்கள்’ என்று நீங்கள் சொல்லுங்கள். இதில் வெட்கத்துக்கு இடமே இல்லை.

முகூர்த்தத்துக்கு மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்கவில்லை, வீடியோவில் பார்த்துக்கொண்டே மாலை மாற்றிக்கொள்ளலாம் என்று யாராவது யோசனை சொன்னால், அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளாதீர்கள். தொலைபேசியிலோ, இன்டர்நெட்டிலோ, ஆள் வைத்தோ நடக்கும் கல்யாணத்தை 2015 ஜூன் முதல் கனடா குடியேற்றத்துக்கு ஏற்பதில்லை. இருவரும் ஒரே இடத்தில் நேரில் நிற்க வேண்டும். இருவருக்கும் 18 வயதும் நிரம்பியிருக்க வேண்டும். மேளம் கொட்டினதோடு நிற்காமல் கல்யாணத்தைப் பதிவும் செய்துவிடுங்கள். தமிழ்நாட்டில் 2009-ம் வருஷத்துச் சட்டப்படி அது எப்படியும் கட்டாயம்தான். கல்யாணப் படங்கள், பேசிக்கொண்ட போன் கணக்கு, அனுப்பிய பணத்தின் ரசீது எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். மெய்யான தாம்பத்தியம்தான் என்பதற்கு அதிகாரி கேட்கும் சாட்சிகள் அவை.

குழந்தையின் வயசு

பிள்ளைகளைப் பொறுத்த வரையில், 22 வயது நிரம்பாமல், கல்யாணம் ஆகாமல் இருக்க வேண்டும். உடலாலோ மனத்தாலோ இயலாமல், 22-க்கு முன்பிருந்தே பெற்றோரை நம்பியிருக்கும் பிள்ளைக்கு இந்த வயசு வரம்பு இல்லை. 2014 ஆகஸ்டில் வரம்பை 19-ஆகக் குறைத்தார்கள். எத்தனை வீடுகளில் கண்ணீர்! 2017 அக்டோபரில் மறுபடி 22 ஆக்கினார்கள்.

இதில் ஓர் ஆறுதல் உண்டு. பூர்த்தியான மனு அலுவலகத்துக்குப் போய்ச் சேரும் நாளில் பிள்ளைக்கு என்ன வயசோ, அதையே கணக்கில் கொள்ளுகிறார்கள். அப்புறம் காலதாமதம் ஆனால் பாதகமில்லை. ஆகவே 21 வயசுப் பிள்ளையை வைத்துக்கொண்டு ‘நிதானமாகப் போடலாம்’ என்று இருக்கவே கூடாது. பிள்ளையின் தாயோ தகப்பனோ இங்கேயே தங்குவதானால், அவரது சம்மதத்தையும் எழுத்தில் வாங்க வேண்டும்.

எழுதிக் கொடுக்கும் வாக்கு

ஸ்பான்ஸர் செய்கிறவருக்கு 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். உடல் ஊனத்துக்காக அல்லாமல் வேறு காரணத்துக்குச் சர்க்காரின் உதவிப் பணம் வாங்குகிறவராக இருக்கக் கூடாது. மனைவி, பிள்ளைகளை அழைக்க இவ்வளவு வருமானம் இருந்தே தீர வேண்டும் என்ற வரம்பு பெரும்பாலும் இல்லை. ஏழையானாலும் பெண்டாட்டி பிள்ளையோடு வாழலாம் என்று சட்டமே ஒப்புக்கொள்கிறது!

ஆனால் வாக்குக் கொடுக்க வேண்டும். மனைவியை 3 வருஷம் பராமரிப்பேன். 22 வயசுக்குட்பட்ட பிள்ளையை 10 வருஷம் அல்லது அதற்கு 25 வயசு ஆகும்வரை, இதில் எது முந்தியோ அதுவரை பராமரிப்பேன் என்று கையெழுத்துப் போடுகிறார். (கியூபெக் மாகாணத்தில் தனி விதிகள்.) நடுவில் விவாகரத்தே ஆனாலும் அந்த வாக்கு ரத்தாவதில்லை.

பெண்கள் நினைவில் வைக்க வேண்டிய இன்னொன்று. 2012 அக்டோபர் முதல், புதிதாக மணமாகி வரும் மனைவி இரண்டு வருஷம் கணவனோடு வாழ்ந்தால்தான் நிரந்தரவாசம் நிலைக்கும் என்று ஒரு நிபந்தனை வைத்திருந்தார்கள். அடி உதை பட்டாலும் பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்க வேண்டும் என்ற நிலைக்குச் சில பெண்களை அது தள்ளியது. 2017 ஏப்ரலில் அதை எடுத்துவிட்டார்கள். நிரந்தரவாசியாகப் போய் இறங்கியவளை ‘ஊருக்குத் திருப்பி அனுப்பிவிடுவேன்’ என்று கணவன் மிரட்டினால், அது வெறும் மிரட்டல்தான். உங்கள் பெண்ணுக்கு இதைச் சொல்லி அனுப்புங்கள். ஊறுகாய் ஜாடியைவிட இது முக்கியம்.

அன்றும் இன்றும்

மனைவி மக்களோடு சேர்ந்து வாழ்வது அங்கே எல்லோருக்கும் எப்போதும் கிடைத்துவிடவில்லை. சீனர்கள்மீது 1885-ல் தலைக்கு 50 டாலர் வரி போட்டார்கள். 1903-ல் அது 500 டாலர் ஆயிற்று. கூலிக்காரன் எப்படி மனைவிக்கும் சேர்த்துக் கட்டுவான்? 1923 முதல் 1947 வரை, சிலரைத் தவிர, சீனர்கள் குடியேறவே தடை. அக்கரையில் கணவன், இக்கரையில் மனைவி என்று எத்தனையோ தம்பதிகள் கிழமாகிப் போனார்கள். 2006-ல் பிரதமர் ஸ்டீபன் ஹார்ப்பர் அதற்காகப் பார்லிமெண்டில் மன்னிப்புக் கேட்டார். 2002-ல் அமலுக்கு வந்த சட்டமோ, குடும்பங்களை ஒன்று சேர்ப்பதைத் தன் நோக்கங்களில் ஒன்றாகவே எழுதி வைத்திருக்கிறது.

நம்மவர்களின் கதையும் இதில் இருக்கிறது. 1986 ஆகஸ்டு 11-ந் தேதி, நியூபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 ஈழத் தமிழர்களைக் கனடா மீனவர்கள் கண்டு மீட்டார்கள். இப்படி உயிர் தப்பி வருகிறவர்கள் அகதியாக ஏற்கப்பட்டால், தம் நிரந்தரவாச மனுவிலேயே வெளிநாட்டில் இருக்கும் மனைவி, பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளச் சட்டம் வழி விடுகிறது. அங்கேயும் அதே பேச்சுத்தான்: பெயரைச் சொல்லியிருக்க வேண்டும்.

பயத்தாலும் அறியாமையாலும் விட்டவர்களுக்காக 2019 செப்டம்பரில் ஒரு சலுகை கொண்டுவந்தார்கள். அகதிகளாக வந்தவர்களும், தாங்களே மனைவி, கணவர், பிள்ளை என்ற முறையில் ஸ்பான்ஸர் செய்யப்பட்டு வந்தவர்களும், விட்டுப்போன உறவை அழைக்க மனுச் செய்யலாம் என்றார்கள். ஆனால் பெயரைச் சொல்லியிருந்தால் வந்திருக்கவே முடியாது என்ற நிலையில் மறைத்தவர்களுக்கு அதில் இடமில்லை. காலக்கெடு வைத்துத் தந்த சலுகை அது. அதை நம்பிப் பெயரை விடுவது, வைத்தியர் இருக்கிறார் என்று விஷம் குடிப்பது போலத்தான்.

‘காகித விவகாரமெல்லாம் அவர் பாடு’ என்று அடுப்படியிலேயே இருந்துவிடாதீர்கள், சகோதரிகளே! விண்ணப்பம் போகுமுன் ஒரு முறை நீங்களே உட்கார்ந்து படியுங்கள். கல்யாணப் பத்திரிகையை விரலால் தடவித் தடவி ஒவ்வொரு பெயராகப் பார்ப்பீர்களே, அதே மாதிரி பாருங்கள். கூட வருகிறவர், வராதவர், வேறு வீட்டில் வளர்கிறவர், நேற்றுப் பிறந்த குழந்தை எல்லோரும் இருக்கிறார்களா? இருந்தால் அனுப்புங்கள். ஒன்றுவிட்ட சித்தப்பாவைப் பிறகு சமாதானம் செய்துகொள்ளலாம். இந்தக் காகிதத்தைச் சமாதானம் செய்வது கஷ்டம்!