சளிக்கு கற்பூரவல்லி ஓகே... ஆனா, 2 வாரத்துக்கு மேல இருமினா?

சென்னை: ஐப்பசி மழை ஆரம்பிச்சா போதும், மயிலாப்பூர், தி.நகர், அடையாறு வீடுகளில் 'லொக்கு லொக்கு' சத்தம் கேட்கத் தொடங்கிவிடும். உடனே பாட்டிகளின் கை பால்கனித் தொட்டியில் இருக்கும் கற்பூரவல்லிக்குத்தான் போகும்.

இலையைக் கசக்கினால் ஓம வாசனை தூக்கும். ஓமத்தில் உள்ள தைமால், கார்வக்ரால் என்ற வாசனைப் பொருட்கள் இதிலும் இருக்கின்றன. ஓமவல்லி என்ற பெயர் வந்ததும் அதனால்தான். வாழைப்பழத்தில் வரும் கற்பூரவல்லி வேறு, இது வேறு.

இதை காசு கொடுத்து வாங்கவே வேண்டாம். பக்கத்து வீட்டில் அரை அடி நீளத்துக்கு ஒரு கிளை கேட்டு வாங்குங்க. அடி இலைகளைக் கிள்ளிவிட்டு, மணல் கலந்த மண்ணில் நட்டால் 2, 3 வாரத்தில் வேர் பிடித்துவிடும். காலை வெயில் பட்டால் போதும். மேல்மண் காய்ந்த பிறகு தண்ணீர் விட்டால் போதும். தினமும் ஊற்றினால் வேர் அழுகிவிடும். நுனியைக் கிள்ளக் கிள்ள செடி புதராகும்.

தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டில்தான் வம்பே இருக்கு. அதில் தேங்கும் தண்ணீரில் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு பெருகும். வாரம் ஒருமுறையாவது கொட்டி, தேய்த்துக் கழுவ வேண்டும்.

ஒரு டம்ளர் தண்ணீரில் 4 இலை, கொஞ்சம் மிளகு போட்டு பாதியாகச் சுண்ட வைத்தால் கஷாயம் ரெடி. மயிலாப்பூர் கச்சேரி சாலை டப்பா செட்டி கடை போன்ற நாட்டு மருந்துக் கடைகளில் சுக்கு, திப்பிலி வாங்கி சேர்ப்பவர்களும் உண்டு. கஷாயத்தைக் கண்டு ஓடும் பிள்ளைகளுக்கு இலையை கடலை மாவில் தோய்த்து பஜ்ஜி போட்டுக் கொடுக்கலாம். தேங்காய் வைத்து துவையலும் அரைக்கலாம்.

கஷாயம் தொண்டைக்கு இதம்தான். ஆனால் எல்லா இருமலும் அதற்கு அடங்காது. 2 வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் காசநோயாக இருக்கலாம். அரசு ஆஸ்பத்திரிகளில் சளி பரிசோதனை இலவசம்.

கைக்குழந்தைக்கு இலைச்சாறு புகட்டும் பழக்கமும் வேண்டாம். 6 மாதம் வரை தாய்ப்பால் மட்டும்தான். குழந்தைக்கு மூச்சு வாங்கினாலோ, மூச்சு விடும்போது நெஞ்சு உள்ளே இழுத்தாலோ அடுப்பில் கஷாயம் வைத்துக்கொண்டு நிற்காதீங்க. நேரே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க!