மறைவதும் தோன்றுவதும்

மாலைப் பொழுதில் கதிரவன் மேற்றிசையில் ஆழ்ந்தவுடனே உலகம் இருண்டுவிடுவதில்லை. பகலொளி மெல்ல மெல்லக் குறைகின்றது. அது குறையுந்தோறும் நிலவொளி தெளிவு பெறுகின்றது. இன்ன நொடியில் பகல் முடிந்தது, இன்ன நொடியில் இரவு தொடங்கிற்று என்று கோடு கிழித்துக் காட்ட ஒருவராலும் இயலாது. திரைப்படத்திலும் ஒரு காட்சி இவ்வாறு மங்க, அதன்மீதே மற்றொரு காட்சி தெளிந்து வருவதைக் கண்டோர் பலர். அஃது எவ்வாறு நிகழ்கின்றது, எதன்பொருட்டு நிகழ்த்தப்படுகின்றது என்பன அறியத்தக்கன.

தனித்தனியே எடுத்த காட்சித் துண்டுகளை வரிசைப்படுத்தி இணைப்பது படத்தொகுப்பு எனப்படும். இவ்விணைப்பைச் சொற்புணர்ச்சியோடு ஒப்பிட்டு உணரலாம். நிலைமொழியும் வருமொழியும் மாறுதலின்றிச் சேர்வது இயல்பு புணர்ச்சி. மாறுதலோடு சேர்வது விகாரப் புணர்ச்சி. ஒரு துண்டு முடிந்த இடத்தில் அடுத்த துண்டு அப்படியே தொடங்கின், அது வெட்டு. இஃது இயல்பு புணர்ச்சி போன்றது. திரைப்படத்தில் பெரும்பாலான இணைப்புகள் இவ்வகையினவே. காட்சி கருமையில் ஒடுங்குவது மங்கி மறைதல். கருமையினின்று வெளிப்படுவது தெளிந்து தோன்றல். ஒன்று மறைய, அதே காலத்தில் அதன்மேலேயே மற்றொன்று தோன்றுவது கலந்து மாறல். திரைப்படத் துறையினர் இவற்றை ஃபேட் அவுட், ஃபேட் இன், டிசால்வ் என வழங்குவர். தோன்றல், திரிதல், கெடுதல் என விகாரமும் மூன்றே எனினும், ஒப்புமையை அதற்குமேல் நீட்டுதல் தகாது.

இம்முறை திரைப்படத்துக்கே மூத்தது. 19 ஆம் நூற்றாண்டில் லண்டன் மாநகரில், கண்ணாடித் தகட்டில் தீட்டிய ஓவியங்களை விளக்கொளியால் திரையில் வீழ்த்திக் காட்டினர். இரண்டு விளக்குப் பெட்டிகளை ஒரே திரையை நோக்கி வைத்து, ஒன்றன் ஒளியைக் குறைத்துக்கொண்டே மற்றதன் ஒளியைக் கூட்டுவர். கோடைக்காலச் சோலை, காண்போர் கண்முன்னேயே பனிமூடிய சோலையாகும். பின்னர், பாரிசில் மாயவித்தை அரங்கம் நடத்திய ஜார்ஜ் மெலியெஸ் என்பார், 1899 ஆம் ஆண்டில் எடுத்த ‘சிண்டெரெல்லா’ என்னும் படத்தில் காட்சிகளை இவ்வாறு கலந்து மாற்றினார்.

அந்நாளில் இவ்வேலை காமிராவுக்குள்ளேயே நடைபெற்றது. முதற்காட்சியின் இறுதியில் ஒளி புகும் வழியைச் சிறிது சிறிதாக மூடுவர். பின் படச்சுருளை அளவறிந்து பின்னோக்கிச் சுற்றுவர். அடுத்த காட்சியின் தொடக்கத்தை, வழியைச் சிறிது சிறிதாகத் திறந்து, அதே பகுதியின்மீது பதிவு செய்வர். எண்ணிக்கை பிழைத்தால் ஒரு காட்சியன்று, இரண்டுமே பாழாகும். பின்னாளில் ஆப்டிகல் பிரிண்டர் என்னும் பொறி இவ்விடரைத் தீர்த்தது. ஆயினும் காட்சிகளை வேறொரு சுருளில் நகலெடுத்தே கலக்க வேண்டியிருந்தமையால், அப்பகுதியில் படத்தின் கூர்மை குன்றும். பழைய படங்களைக் கூர்ந்து நோக்குவோர், கலப்பு வருவதற்குச் சற்று முன்னரே படம் சொரசொரப்பாவதை இன்றும் காணலாம்.

இக்காலத்தில் படத்தொகுப்பு கணிப்பொறியில் நடைபெறுகின்றது. இரு துண்டுகள் சந்திக்கும் எல்லையில் கலப்பை இழுத்து விட்டாற் போதும். உள்ளே நிகழ்வது பெருக்கலும் கூட்டலுமே. திரைப்படத்தில் நொடிக்கு 24 படங்கள் ஓடும். ஒரு நொடி நீளும் கலப்பில், கால் நொடி கழிந்தபோது முதற்காட்சி 75 விழுக்காடும் வருங்காட்சி 25 விழுக்காடும் இருக்கும். அரை நொடியில் பாதிக்குப் பாதி. ஒவ்வொரு புள்ளியின் நிறத்துக்கும் கணிப்பொறி இக்கணக்கைத் தனித்தனியே போடுகின்றது. ஒன்று இழப்பதை மற்றொன்று பெறுவதால் கூட்டுத்தொகை எப்பொழுதும் நூறே.

புதிதாகப் பயில்வோர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. கலக்கும் நேரம் முழுவதும் இரு துண்டுகளும் ஒருங்கே ஓடுதல் வேண்டும். எனவே எல்லையை நடுவாகக் கொண்ட ஒரு நொடிக் கலப்புக்கு, முதல் துண்டில் எல்லைக்குப் பின் 12 படங்களும், அடுத்த துண்டில் எல்லைக்கு முன் 12 படங்களும் மிகையாக இருத்தல் வேண்டும். எடுத்த படத்தை ஓரம்வரை பயன்படுத்திவிட்டவர்க்கு இம்மிகை இராது. அப்பொழுது சில மென்பொருள்கள் இறுதிப் படத்தையே திரும்பத் திரும்பக் காட்டிக் கலக்கும். நடந்துகொண்டிருந்த மனிதன் திடுமெனச் சிலையாவான். ஆதலால் அறிவுடைய ஒளிப்பதிவாளர், நடிப்பு முடிந்த பின்னும் சில நொடிகள் காமிராவை ஓட விடுவர். தையற்காரர் துணியில் தையலுக்கென ஓரம் விடுவதும் இதன்பொருட்டே அன்றோ?

ஒலியையும் கலக்கலாம்; ஆனால் கணக்கு வேறு. ஒலியின் ஆற்றல் அதன் வீச்சின் வர்க்கத்தைப் பொறுத்தது. வேறுவேறான இரண்டு ஒலிகளின் வீச்சை நடுவில் பாதியாக்கினால், ஒவ்வொன்றின் ஆற்றலும் கால் பங்காகிக் கூட்டு அரைப் பங்கே ஆகும். செவிக்கு அங்கே ஒரு பள்ளம் தோன்றும். அதனால் நடுவில் வீச்சை ஏறத்தாழ 70 விழுக்காட்டில் நிறுத்துவர்.

எங்கே வெட்டுவது, எங்கே கலப்பது என்பதே அரிய வினா. கலப்பைக் கண்டவுடன் ‘காலம் கழிந்தது’ அல்லது ‘இடம் மாறியது’ என்று பழகிய கண் தானே பொருள் கொள்ளும். ஆர்சன் வெல்ஸ் இயக்கி 1941 ஆம் ஆண்டில் வெளிவந்த ‘சிட்டிசன் கேன்’ படத்தின் தொடக்கத்தில், இரவில் குன்றின்மேல் ஒரு மாளிகை. அதில் ஒளிரும் ஒரு சன்னல். காட்சிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கலந்து மாறி மாளிகையை நெருங்குகின்றன. வேலி போகின்றது, கூண்டுக் குரங்குகள் போகின்றன, படகுகள் போகின்றன. சன்னலின் ஒளி மட்டும் திரையில் ஏறத்தாழ அதே இடத்தில் நிற்கின்றது. கண் அதனையே பற்றிச் செல்லும்போது, அவ்வொளி திடுமென அணைகின்றது. உள்ளே ஓர் உயிர் பிரியப்போகின்றது என்பதைச் சொல் ஒன்றுமின்றியே காண்போர் ஐயுறுகின்றனர். இழுத்து விட்டாற் போதும் என்னும் எளிமையால், திருமண விழாப் படங்களில் மூன்று நொடிக்கொரு கலப்பை இடுவோர், இத்தகைய பொருள் எதனையும் உணர்த்துவதில்லை.

செய்திப் படங்களில் இவ்வினா மேலும் கடுமையானது. ஒருவர் நெடுநேரம் பேசியதினின்று இரண்டு வாக்கியங்களை எடுத்து வெட்டி இணைத்தால், அவர் தலை துள்ளி இடம் பெயரும். குறுகிய கலப்பை இட்டால் துள்ளல் மென்மையாகும். இடையே ஏதோ விடப்பட்டது என்பதும் புலனாகும். 2015 ஆம் ஆண்டில் அடோபி பிரீமியர் மென்பொருளில் மார்ஃப் கட் என்னும் முறை சேர்க்கப்பட்டது. அது, காமிரா காணாத முகநிலைகளைத் தானே வரைந்து நிரப்பி, இணைப்பின் சுவடே தெரியாமல் செய்ய முயல்வது. ‘அணை கட்டுதல் நன்று, ஆயின் இவ்விடத்தில் அன்று’ என்று ஒருவர் கூறியிருக்கலாம். பிற்பகுதியை நீக்கி வேறொரு வாக்கியத்தை இம்முறையால் ஒட்டிவிட்டால், அவர் அணையை முற்றும் ஆதரித்தார் என்றே ஊரார் நம்புவர். கலப்பு கண்ணுக்குத் தெரிந்திருப்பின், இடையில் என்ன சொன்னார் என்று கேட்கவேனும் ஒருவர்க்குத் தோன்றும்.