பட்டியலை நம்பலாமா?

ரகசிய வலைப்பின்னல்களில் முகவரிப் பட்டியல் வழிகாட்டும். சில சமயம் கவிழ்த்தும் விடும்.

பாலசமுத்திரத்தில் இருந்தாலும் சென்னையில் இருந்தாலும், திருமலை தரிசன டிக்கெட்டை இணையத்தில் பதிவு செய்பவர் முதலில் ஏமாறக்கூடிய இடம் முகவரிதான். தேவஸ்தானத்தின் பெயரில் முளைத்த போலித் தளங்கள் பல. 2023-ல் போலீசில் புகாரான ஒரு தளம் 41-வது. அசல் முகவரியில் புள்ளி இருந்த இடத்தில் போலியில் சிறு கோடு. அவசரத்தில் யார் கவனிப்பார்கள்?

படித்துப் புரிந்துகொள்ளக்கூடிய முகவரிக்கே இந்த கதி. 'டார்' வலைப்பின்னலிலோ ஒவ்வொரு முகவரியும் 56 எழுத்துகளும் எண்களும் கலந்த குவியல். பயன்படுத்துபவர் யார், எங்கிருக்கிறார் என்பதைப் பல கணினிகள் வழியே சுற்றவிட்டு மறைப்பது டாரின் வேலை. ஊழலை அம்பலப்படுத்த நினைப்பவர்களுக்கும், தணிக்கை மிகுந்த நாடுகளின் வாசகர்களுக்கும் அது அரண். பிபிசி 2019-ல் தன் செய்திகளை அங்கும் வைத்தது. போதை மருந்து வியாபாரிகளும் அங்கேதான் கடை விரித்தார்கள்.

கூகுள் அங்கே எட்டாது. எனவே 'ஹிட்டன் விக்கி' போன்ற இணைப்புப் பட்டியல்களே வழித்துணை. சிக்கலும் அங்கேதான். பட்டியலை நகலெடுத்து, ஒரே ஒரு முகவரியை மாற்றி வைத்தால் போதும். பாஸ்வேர்டும் பணமும் மோசடிக்காரன் கையில். பட்டியல்காரர்களும் புனிதர்கள் அல்லர். 2019-ல் அமெரிக்கா முடக்கிய 'டீப்டாட்வெப்', கள்ளச்சந்தைகளுக்கு ஆள் அனுப்பிப் பெற்ற கமிஷன் சுமார் 84 லட்சம் டாலர். அதை நடத்தியவர்களில் ஒருவருக்கு 2022-ல் 97 மாதச் சிறை.

அப்படியானால் எதை நம்புவது? முகவரியை அதன் சொந்தக்காரரிடமே பெறுவது உத்தமம். செய்தி நிறுவனங்கள் தங்கள் டார் முகவரியை வழக்கமான இணையதளத்திலேயே வெளியிடுகின்றன. நல்ல பட்டியல்கள் டிஜிட்டல் கையொப்பத்துடன் வருகின்றன. 'அஹ்மியா' என்ற தேடுபொறி, சிறுவர் பாலியல் கொடுமைத் தளங்களை வடிகட்டி விடுகிறது. முகவரியின் முதல் சில எழுத்துகளை மட்டும் பார்ப்பது ஆபத்து. அவை ஒத்துப்போகும் போலியைக் கணினியால் உருவாக்கலாம். 56-ஐயும் ஒத்துப்போக வைப்பது நடைமுறையில் முடியாது. 16 எழுத்து முகவரிகள் கொண்ட பழைய பட்டியல்கள் வீண். அவை 2021-லேயே செயலிழந்துவிட்டன.

சரிபார்த்த முகவரியை உடனே சேமித்து வைத்துக்கொள்வது நல்லது. மறுமுறை பட்டியலைத் தேடி ஓட வேண்டியதில்லை. பணம் பறிபோய்விட்டால் தயங்காமல் அழைக்க வேண்டிய எண் 1930. தாமதமாகும் ஒவ்வொரு மணி நேரமும் மோசடிக்காரனுக்குத்தான் லாபம்.