டப்பாவை ஒளிப்பதிலும் ஊருக்கு ஒரு ஸ்டைல்! ஓவரா மறைச்சா வெடிகுண்டு பீதி!!

கையில் செல்போனை வைத்துக்கொண்டு பூந்தொட்டி, விளக்கு கம்பம், மரப்பொந்து என்று ஒரு கூட்டம் உலகம் முழுக்க துழாவிக்கொண்டு இருக்கிறது. தேடுவது தங்கமும் இல்லை, வைரமும் இல்லை. ஒரு சின்ன டப்பா! கண்டுபிடித்தால் உள்ளே இருக்கும் நோட்டில் பெயரை எழுதிவிட்டு, டப்பாவை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு நடையை கட்ட வேண்டியதுதான். இந்த விளையாட்டுக்கு பெயர் 'ஜியோகேச்சிங்'. இதுபற்றிய விவரம் வருமாறு:-

ஜி.பி.எஸ். சிக்னலில் வேண்டுமென்றே சேர்த்து வைத்திருந்த பிழையை அமெரிக்க அரசு 2000-ம் ஆண்டு மே 2-ந்தேதி நீக்கியது. மறுநாளே ஆரகன் மாநிலத்தில் டேவ் உல்மர் என்பவர் ஒரு கருப்பு வாளியை காட்டுப்பகுதியில் பாதி புதைத்து, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை இன்டர்நெட்டில் போட்டார். அன்று ஒரு வாளி. இன்று உலகம் முழுக்க 30 லட்சத்துக்கும் மேல்!

மண்ணுக்கு ஏத்த மறைவு

எல்லா ஊரிலும் ஒரே மாதிரி ஒளிக்க முடியுமா? முடியாது. அந்த ஊர் மண்ணும், மழையும், மலிவாக கிடைக்கும் டப்பாவும்தான் ஸ்டைலை முடிவு செய்கிறது.

அமெரிக்காவின் தென்மேற்கு பாலைவனத்தில் மரமே குறைவு. அங்கே ராணுவம் கழித்துப்போட்ட தோட்டா பெட்டியை வைத்து, மேலே கல்லை அடுக்கிவிடுவார்கள். மூடியில் ரப்பர் இருப்பதால் தண்ணீர் இறங்காது. அதே நாட்டின் வடமேற்கில் மழைக்காடு. அங்கே பாசி பிடித்த அடிமரமும், பொந்தும்தான் மறைவிடம். ஊருக்குள் வந்தால் கார் நிறுத்துமிடத்து விளக்கு கம்பம். அடியில் போல்ட்டை மூடியிருக்கும் தகரத்தை தூக்கினால் உள்ளே டப்பா!

இங்கிலாந்தில் தேவாலயங்களுக்கு பக்கத்தில் பிலிம் ரோல் டப்பா சைசில் ஒளிப்பதற்கு தனி வரிசையே உண்டு. ஜெர்மனியில் ஊதி பாட்டில் ஆக்குவதற்கு முந்தைய கெட்டி பிளாஸ்டிக் குழாயை எடுத்து, காட்டு நிறத்தில் டேப் சுற்றி வைக்கிறார்கள். ராத்திரியில் டார்ச் அடித்தால் மின்னும் வில்லைகளை மரத்தில் குத்தி வழி காட்டும் ஆட்டமும் அங்கே பிரபலம். பனி கொட்டும் நாடுகளில் தரையில் வைத்தால் டப்பா புதைந்துவிடும். அதனால் ஆள் உயரத்தில் மரத்தில் தொங்கும்.

குண்டு என்று நினைத்த போலீஸ்

காட்டில் செல்லுபடியாகும் வித்தை கடைத்தெருவில் வினையாகிவிடுகிறது. 2011-ம் ஆண்டு ஜூலையில் இங்கிலாந்தின் வெதர்பி ஊரில் ஒரு காபி கடை வாசலில் ஒளித்து வைத்த சின்ன பிளாஸ்டிக் டப்பாவை குண்டு என்று நினைத்து பீதி கிளம்பியது. ராணுவ நிபுணர்கள் வந்து அதை வெடிக்க வைத்தார்கள். அப்புறம்தான் தெரிந்தது, அது விளையாட்டு டப்பா!

யோசித்து பாருங்கள். பாலைவனத்தில் தோட்டா பெட்டியை பார்த்தால் யாரும் பயப்பட மாட்டார்கள். அதையே பாலத்துக்கு அடியில் பார்த்தால்? மறைவாக எதையோ வைத்துவிட்டு, அக்கம் பக்கம் பார்த்தபடி நழுவும் ஆளை பார்த்து ஜனங்கள் சந்தேகப்படுவதில் தப்பே இல்லை.

என்ன செய்ய வேண்டும்?

* டப்பாவின் வெளியே 'ஜியோகேச்' என்று பெரிதாக எழுத வேண்டும்.

* உள்ளே இருப்பது தெரியும் டப்பாவாக இருந்தால் ரொம்ப நல்லது.

* இடத்துக்கு சொந்தக்காரரிடம் முதலிலேயே அனுமதி வாங்க வேண்டும்.

* இடத்துக்கு சொந்தக்காரரின் தெளிவான அனுமதி இல்லாமல் குழி தோண்டி புதைக்கக்கூடாது. முதல் வாளிக்கு செய்தது போல இப்போது இஷ்டத்துக்கு செய்ய முடியாது!

* ஒரு டப்பாவுக்கும் அடுத்ததுக்கும் குறைந்தது 161 மீட்டர் இடைவெளி வேண்டும்.

தேடுபவன் கண்ணுக்கு மறையலாம். போலீஸ் எடுத்து பார்த்தால் ஒரு நொடியில் புரியணும். அதுதான் கெட்டிக்கார ஒளிப்பு!