ஊசியா, மாத்திரையா, கீழாநெல்லியா?

மணலியில் ஒரு ஆலை. அங்கே ரத்ததான முகாம். ரத்தம் கொடுத்துவிட்டுச் சந்தோஷமாக வீடு திரும்புகிறார் குடும்பத் தலைவர். சில நாளில் தகவல் வருகிறது: 'ஹெபடைடிஸ் பி பாசிட்டிவ்!' அன்று ராத்திரியே அவருக்குத் தனித் தட்டு, தனி டம்ளர்.

உங்கள் வீட்டில் இப்படி நடந்தால்? முதலில் அந்தத் தட்டைப் பழைய இடத்திலேயே வையுங்கள். இந்தக் கிருமி ரத்தம், தாம்பத்திய உறவு, பிரசவம் மூலமாகப் பரவுமே தவிர, சேர்ந்து சாப்பிடுவதால் பரவாது. ஷேவிங் பிளேடும் டூத் பிரஷ்ஷும் மட்டும் தனியாக இருக்கட்டும். மனைவி, பிள்ளைகளுக்கு ரத்தப் பரிசோதனை செய்து, தேவைப்பட்டால் தடுப்பூசி போட்டுவிடுங்கள்.

"மஞ்சள் காமாலைதானே, கீழாநெல்லி போதாதா?" என்பார் பாட்டி. நம் சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன் குழுவினர், இந்தக் கிருமியைக் கண்டுபிடித்து 1976-ல் நோபல் பரிசு வாங்கிய புளும்பெர்க்குடன் சேர்ந்து இதை ஆராய்ந்தார்கள். 1988-ல் 'லான்செட்' இதழில் வந்த அந்த ஆய்வில், கீழாநெல்லி சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்குக் கிருமியின் அடையாளம் மறைந்திருந்தது. ஆனால் பிறகு வேறு இடங்களில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. அதை நம்பி வைத்தியத்தைத் தள்ளிப்போடாதீர்கள்.

ஆறு மாதத்துக்கு மேலும் கிருமி நீடித்தால்தான் நாள்பட்ட நோய். அப்போதும் எல்லோருக்கும் உடனே மருந்து வேண்டியதில்லை. எஸ்.ஜி.பி.டி., ஹெச்.பி.இ.ஏ.ஜி., வைரஸின் டி.என்.ஏ. அளவு, ஈரல் ஸ்கேன் இவற்றைப் பார்த்துத்தான் டாக்டர் முடிவு செய்வார்.

இன்டர்ஃபெரான் என்பது வைரஸை எதிர்க்க நம் உடம்பே சுரக்கிற புரதம். 1990-களில் தினமும், அல்லது வாரம் மூன்று நாள் என்று நாலு மாதம் இந்த ஊசியைப் போட்டார்கள். அடுத்து வந்த பெக்-இன்டர்ஃபெரான் வாரம் ஒரு ஊசி, 48 வாரம். காலக்கெடு உள்ள வைத்தியம் என்பதுதான் இதன் லாபம். ஆனால் ஹெச்.பி.இ.ஏ.ஜி. பாசிட்டிவ் உள்ளவர்களிலேயே சுமார் மூன்றில் ஒருவருக்குத்தான் அது நெகட்டிவ் ஆகிறது. எஸ்.ஜி.பி.டி. கூடியும், டி.என்.ஏ. குறைந்தும் இருப்பவர்களுக்குப் பலன் அதிகம். வைரஸில் 'ஏ' ரகம் நன்றாகக் கேட்கும். நம் நாட்டில் அதிகமாகக் காணப்படும் 'டி' ரகம் சற்றே முரண்டு பிடிக்கும்.

அதனால் 12-ஆம் வாரம் ஹெச்.பி.எஸ்.ஏ.ஜி. அளவைப் பார்ப்பது முக்கியம். துளியும் இறங்கவில்லையென்றால், ஊசியை நிறுத்தி மாத்திரைக்கு மாறும்படி டாக்டர் சொல்லலாம். பணமும் அவஸ்தையும் மிச்சம்!

ஊசி போட்டால் காய்ச்சல், உடம்பு வலி, முடி உதிர்தல், மனச்சோர்வு வரலாம். ரத்த அணுக்கள் குறையலாம். கர்ப்பிணிகள், ஈரல் முற்றிலும் கெட்டு வயிற்றில் நீர் கோத்தவர்கள், கடும் மனச்சோர்வு உள்ளவர்களுக்கு இது கூடாது.

டெனோஃபோவிர், என்டெகாவிர் மாத்திரைகளில் தொந்தரவு குறைவு. ஆனால் பல வருஷம் சாப்பிட வேண்டும். 2018-ல் தொடங்கிய தேசிய ஹெபடைடிஸ் தடுப்புத் திட்டத்தில் அரசு சிகிச்சை மையங்களில் மருந்து இலவசம். 'நல்லாத்தானே இருக்கேன்' என்று நீங்களாக நிறுத்தினால் நோய் சீறிக்கொண்டு திரும்பும், ஜாக்கிரதை!

மதுவை அடியோடு விடுங்கள். டாக்டர் சொன்ன நாளில் செக்கப்புக்குப் போங்கள். ராத்திரி எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுங்கள்.