யார் பெயரில் அடுப்பு?

அடுப்பு ஊதிக் கண் சிவக்காத பாட்டி எந்த வீட்டில் இருந்திருக்கிறாள்? ஈர விறகு, இரும்பு ஊதுகுழல், கரி படிந்த சுவர்! கூடத்து ஊஞ்சலில் உட்கார்ந்திருந்த நாம் அந்தப் புகையைக் கவனித்ததே இல்லை. சாப்பாடு மட்டும் வேளை தவறாமல் இலைக்கு வந்து சேர்ந்தது.

அந்தப் புகை கண்ணைக் கரித்ததோடு நிற்கவில்லை. வீட்டுக்குள் சூழும் புகையினால் 2020-ஆம் வருஷத்தில் மட்டும் உலகெங்கும் சுமார் 32 லட்சம் பேர் அகால மரணம் அடைந்ததாக உலக சுகாதார ஸ்தாபனம் கணக்கிட்டிருக்கிறது.

2016-ஆம் வருஷம் மே மாதம் 1-ந் தேதி, உத்தரப் பிரதேசத்துப் பல்லியா நகரில் 'உஜ்வலா' என்னும் திட்டத்தை மத்திய சர்க்கார் தொடங்கிற்று. ஏழைக் குடும்பங்களுக்குச் சமையல் காஸ் இணைப்பு அளிப்பது அதன் நோக்கம். நம் மனத்தைக் கவர்ந்த விஷயம் வேறு. இணைப்பைக் குடும்பத்துப் பெண்ணின் பெயரிலேயே தந்தார்கள். மானியமும் அவளுடைய பாங்கிக் கணக்குக்கே போயிற்று. நிலம், வீடு, கடன் பத்திரம் அனைத்தும் புருஷன் பெயரிலேயே இருந்துவரும் குடும்பங்களில் இது சாமான்யமான காரியம் அன்று. 2019 செப்டம்பருக்குள் 8 கோடி இணைப்புகள் கொடுத்தாகிவிட்டது.

ஆனால் அதே 2019-ல் வெளியான மத்திய தணிக்கை அறிக்கையைப் பார்த்தால் நம் உற்சாகம் சற்றுத் தணிகிறது. அத்திட்டத்தில் சேர்ந்தவர்கள் வருஷத்துக்குச் சராசரி 3.21 ஸிலிண்டரே வாங்கினார்களாம்! 14.2 கிலோ ஸிலிண்டர் ஒன்று, நாலு மாதம் ஒரு குடும்பத்துக்குப் போதுமா? மற்ற நாட்களில் எரிந்தது எந்த அடுப்பு என்று நேயர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

விலை ஒரு காரணந்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் "சுள்ளிதான் சும்மா கிடைக்கிறதே!" என்று ஒரு பேச்சு இருக்கிறது, பாருங்கள். சும்மாவா கிடைக்கிறது? அதைப் பொறுக்க நடந்த நடை, கட்டைச் சுமந்த தலை, வறட்டி தட்டிய கை, பள்ளிக்கூடத்தை விட்டுத் தாயின் பின்னே போன சிறுமி - இவற்றுக்கு ஒருவரும் கூலி கொடுப்பதில்லை. கூலி கொடுக்காததனால் விலையே இல்லை என்று தீர்மானித்துவிடுகிறார்கள். ஸிலிண்டருக்கோ ரொக்கம் வேண்டும். ரொக்கம் இருப்பது புருஷனுடைய மடியில். அவர் அறிந்த புகை பெரும்பாலும் பீடிப் புகை ஒன்றுதான்!

ஆகவே, பெயரோடு நாலு காசும் பெண்ணின் கையில் இருந்தாலன்றி, அந்த இணைப்பு முழுப் பயன் தராது என்பது நமது அபிப்பிராயம்.

ஏழைகள் வீட்டைப் பற்றி இவ்வளவு பேசினோம். நம்முடைய வீட்டில் ஸிலிண்டருக்குப் பதிவு செய்யும் டெலிபோன் யாருடைய பையில் இருக்கிறது?